டெல்மரின் பீப்பாய்

க்ளாரிஸின் கராஜில் ஒரு சட்டம் உண்டு. தன் பீப்பாயைத் தானே கழுவக் கூடாது. குளிர்காலம் பூராவும் வீட்டில் பியர் காய்ச்சிவிட்டு, பனி இளகத் தொடங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை க்ளாரிஸ், அர்னி, டெல்மர் மூன்று பேரும் தங்கள் எஃகுப் பீப்பாய்களோடு அங்கே கூடுவார்கள். ஒருவருடையதை இன்னொருவர் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் கழுவுவார். "கழுவியாச்சு, கழுவியாச்சு" என்று அர்னி தலையிலடித்துச் சத்தியம் செய்த பீப்பாய்க்குள் ஒருமுறை பச்சையாக ஏதோ படிந்திருந்தது. அன்றைக்குப் போட்ட சட்டம் இது. க்ளாரிஸ் பல் மருத்துவமனையில் ஊரார் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்பவள். தினமும் ஒழுங்காகத் தேய்க்கிறேன் என்று சொல்லும் யாரையும் அவள் நம்புவதில்லை.

இந்த வருஷம் டெல்மர் பயந்துகொண்டேதான் வந்திருந்தான். போன அக்டோபரில் டாக்டர் அவனுடைய ஈரலைப் பற்றிச் சொன்ன செய்தி நல்ல செய்தியாக இல்லை. அன்றோடு பியரை விட்டுவிட்டான். விட்டதுகூடப் பெரிதில்லை, அதை இந்த இருவரிடமும் சொல்ல முடியவில்லை என்பதுதான் அவனை அரித்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்மருக்கு வாரம் முழுக்க எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். வாய்க்கு வந்தபடி அவனைக் கிண்டல் செய்யும் ஒரே இடம் இந்த கராஜ். குடிக்காதவன் என்று தெரிந்தால் இங்கேயும் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயந்தான்.

அர்னி இரண்டு பெட்டி நிறையக் கருவிகளோடு சீர்வரிசை கொண்டுவருவதுபோல் வந்து இறங்கினான்.

"ஏம்ப்பா, கப்பல் ரிப்பேர் பண்ணவா வந்திருக்க?" என்றாள் க்ளாரிஸ்.

"எதுக்கும் இருக்கட்டும்னுதான், தாயே."

"இந்த பைப் ரிஞ்சை வெச்சு எதைத் திருகப் போற? என் கழுத்தையா? போன வருஷம் பீப்பாய்க் காத்தைத் திறந்துவிடாம கழட்டி, அதோட குழாய் மூக்கு பறந்துபோய் என் டியூப்லைட்டை உடைச்சுதே."

"அந்த லைட்டு பழசு."

"வாஷருக்கு வாசலைன் தடவினியே, அது? ரப்பர் எல்லாம் ஊதிப்போய்க் கெடந்துச்சு."

"எங்கம்மா எல்லாத்துக்கும் வாசலைன்தான் தடவுவாங்க" என்றான் அர்னி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

க்ளாரிஸ் வைத்திருந்ததோ ஒரு சின்னத் துணிச்சுருள். அதில் ஆழமான பாக்ஸ் ஸ்பேனர் ஒன்று, நீளமான மெல்லிய பிரஷ் ஒன்று, ரப்பரைக் கீறாமல் நெம்பியெடுக்க முனை மழுங்கிய பல் கொக்கி ஒன்று, சாப்பாட்டுப் பொருளில் படலாம் என்ற வகை மசகு ஒரு குப்பி. அவ்வளவுதான்.

டெல்மர் நைசாகத் தன் பீப்பாயை அர்னி பக்கம் தள்ளினான். அர்னிக்குப் பிறவியிலேயே மூக்கு மந்தம். எரியும் ரொட்டியைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிப்பான்.

"அதை இங்க கொண்டா. போன தடவையும் அவன்தானே பண்ணான்" என்று க்ளாரிஸ் இழுத்துக்கொண்டாள்.

மூடியிலிருந்த வளையத்தை இழுத்து மிச்சக் காற்றை வெளியேற்றினாள். பிறகு மூடிக்கு இரு பக்கமும் நிற்கும் இரண்டு மூக்குகளையும் பார்த்தாள். ஒன்று காற்று உள்ளே போக, ஒன்று பியர் வெளியே வர. அவற்றின் அடிக்கட்டு முனைமுனையாக இருக்கும். பாக்ஸ் ஸ்பேனர் மட்டுமே அதை முழுசாகக் கவ்வும். பியர் வரும் மூக்கின் முனைகள் மழுங்கிப்போயிருந்தன.

"எந்த மகராசன் இதுல ஸ்க்ரூ ஸ்பேனர் போட்டது?"

"நான் இல்ல. என் மேல சந்தேகப்படாதே" என்றான் அர்னி.

டெல்மர் குனிந்து தன் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். போட்டது அவன்தான். அவனுடைய பாக்ஸ் ஸ்பேனரை அர்னி இரவல் வாங்கிக்கொண்டு போய் மாதக்கணக்காகிறது. திருப்பிக் கேட்டால், இப்போது எதற்கு என்பான். அதனால் முந்தைய நாள் தன் வீட்டில் கையில் கிடைத்ததை வைத்துத் திருகிப் பார்த்தான், வழுக்கியது. மூடியின் பெரிய வாஷரை மாற்றினான், வெளியில் தெரிந்த வாஷர்களையும் மாற்றினான். அந்த மூக்குக்கு அடியிலிருக்கும் சின்ன வாஷரை மட்டும் தொட முடியவில்லை. சோப்புப் போட்டு, சோடா உப்புப் போட்டு, வாயைக் கொப்பளிக்க வைப்பதுபோல் பீப்பாயைக் குலுக்கிக் குலுக்கி ஊற்றியிருந்தான்.

க்ளாரிஸ் பாக்ஸ் ஸ்பேனரை அழுத்திப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினாள். மூக்கு கழன்றது. கொக்கியால் சின்ன வாஷரை எடுத்தாள். அதை முகத்துக்கு அருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"ரூட் பியர்" என்றாள். அது பெயரில்தான் பியர், மற்றபடி நன்னாரி வாசமடிக்கும் இனிப்புச் சோடா. அந்த வாசம் ரப்பரில் ஒருமுறை ஏறினால் இறங்காது. அதற்குப் பிறகு அந்தப் பீப்பாயில் எந்தப் பியரை ஊற்றினாலும் நன்னாரி வாசம்தான் வரும். பியர் காய்ச்சுகிறவர்கள் யாரும் நல்ல பீப்பாயில் அதைத் தெரிந்தே ஊற்ற மாட்டார்கள்.

"ரூட் பியரா?" என்றான் அர்னி. "உன் தங்கச்சி பிள்ளைங்க வந்திருந்தாங்களா?"

நல்ல பொய் ஒன்று தானாகவே கையில் வந்து விழுந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டெல்மர் வாயைத் திறந்தான். ஆனால் க்ளாரிஸ் அந்த வாஷரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பல் தேய்த்தேன் என்று சொல்லி ஜெயித்தவர் யாருமில்லை.

"எனக்குத்தான்" என்றான். "அக்டோபர்லேர்ந்து பியர் தொடறதில்ல. ஈரல் சரியில்லையாம்."

பிறகு நடந்ததுதான் மோசம். அர்னி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காரு டெல்மர்" என்றான், பக்குவமான குரலில். அவன் டெல்மரை 'டேய்' என்று அழைக்காத முதல் நாள் அது. க்ளாரிஸ், "டீ போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டாள். எதற்குப் பயந்தானோ அதுவே நடந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

அர்னிதான் மெல்ல இழுத்தான். "அப்போ... ஜனவரில நான் ஊத்திக் குடுத்தேனே, கோதுமை பியர்?"

"வெளியில போய்ப் பனியில ஊத்திட்டேன்."

"கருப்பு பியர்?"

"அதுவும்."

"படுபாவி! பிரமாதம்னு சொன்னியேடா!"

"பனிக்குப் பிடிச்சிருந்துது."

"டேய்! மூணு வாரம் தூங்காம பார்த்துக்கிட்ட பியருடா அது! க்ளாரிஸ், கேட்டியா இவன் பண்ணின அநியாயத்தை?" அர்னிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. போட்ட நாற்காலியில் அவனே உட்கார்ந்துகொண்டான். டெல்மருக்கு வந்த சந்தோஷத்தில் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

க்ளாரிஸ் டீ போடப் போகவில்லை. பீப்பாய்களைக் குளிரவைக்க மூலையில் நின்ற பழைய ஃப்ரிட்ஜைத் திறந்து, பியர் பிடிக்க அதன் கதவில் வைத்திருக்கும் மூன்று குழாய்களில் நடுக் குழாய்க்குப் போகும் ட்யூபைக் கத்தியால் அறுத்தாள். புது ட்யூபை அளந்து வெட்டினாள்.

"தாயே, என்ன பண்ற?" என்று பதறினான் அர்னி. "அதுல போய் ரூட் பியரை விட்டா, அப்புறம் அந்தக் குழாயில ஜென்மத்துக்கும் பியர் வர முடியாதே."

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் அவள். "டெல்மரு, அங்க நின்னு மூக்கை உறிஞ்சாம இங்க வந்து இந்த முனையைப் பிடி. நேராப் பிடிய்யா, பஸ் ஓட்டற மாதிரி கோணலாப் பிடிக்காத."