நத்தை இல்லாத வயல்

சமணமலை அடிவாரத்தில் வருசா வருசம் நடக்கிற மண்விழாவில் இந்த முறை பேச்சிமுத்துவுக்குப் பொன்னாடை. மருந்தே அடிக்காமல் நெல் விளைவிக்கிற மனுசன் என்று கீழக்குயில்குடி முழுக்கப் பேச்சு. அது போதாதென்று, விழா நடத்தும் கல்லூரி ஆசிரியை தமிழ்வாணி அவர் மனைவி செல்லக்கிளியைத் தேடி வந்தாள்.

"அக்கா, உங்க வயல் நத்தையில ஒரு குழம்பு வச்சுக் கொண்டாங்க. மருந்து படாத மண்ணுலதான நத்தை கிடக்கும்? வர்றவங்க தெரிஞ்சுக்கட்டும்."

செல்லக்கிளிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு காலத்தில் கூலிக்கு நாற்று நட்டுவிட்டு, அடுத்தவர் வரப்பில் பொறுக்கி மடியில் மறைத்துக் கொண்டுவந்த நத்தை அது. சின்ன வயசில் அதைத் தின்கிறவள் என்று பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். அந்தக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடப் போகிறார்கள் என்றால் சும்மாவா?

விழாவுக்கு முந்தின நாள் காலையில் குண்டானோடு வயலில் இறங்கினாள். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. வரப்போரம், வாய்க்கால் மடை, பயிரின் தூர் எல்லாம் துழாவிப் பார்த்தாள். கையில் அகப்பட்டது வெறும் ஓடுதான். வரப்பில் நின்ற பேச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எப்ப மருந்து அடிச்சீக?"

"போன மாசம். புழு விழுந்துருச்சு புள்ள. நம்ம வம்சத்துலயே மொதமொதல்ல வாங்குன நெலம். வெள்ளாம கைவிட்டுப் போயிருமோன்னு பயந்துட்டேன்." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கண்மாயில பொறுக்கிக்க. யாருக்குத் தெரியப்போகுது?"

ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்தப் பயம் அவளுக்கும் தெரிந்த பயம்தானே. கண்மாயிலேயே பொறுக்கி, மண் கக்க ஊறப்போட்டு, அவித்து, ஊக்கால் சதையை எடுத்து மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்தாள்.

விழாவில் குண்டானைக் கூட்டம் மொய்த்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து நின்றாள்.

"அறுப்பு முடிஞ்சதும் உங்க அரிசி எனக்கு வேணும்க்கா. இவளுக்கு மொதக் கஞ்சி அதுலதான் வைக்கணும்."

செல்லக்கிளி குழந்தையைப் பார்த்தாள். அதற்குமேல் வாய் சும்மா இருக்கவில்லை.

"வேணாம் தாயி. இந்தத் தடவ மருந்து அடிச்சிட்டோம். இதுவும் கண்மாய் நத்தைதான்."

பக்கத்தில் நின்ற தமிழ்வாணிக்கு முகம் வாடிப்போனது. பேச்சிமுத்து பின்னால்தான் நின்றிருந்தார். வீட்டுக்குப் போனதும் வெடிப்பார் என்று செல்லக்கிளி நினைத்துக்கொண்டாள்.

மேடையில் பொன்னாடைக்குப் பேர் கூப்பிட்டார்கள். பேச்சிமுத்து மேடைக்குப் போகவில்லை. அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கினார்.

"நீ செத்த ஒக்காரு. நான் ஊத்துறேன்."

அடுத்து வந்தவர் இலையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"உங்க வயல் நத்தைங்களா?"

"இல்லண்ணே. கண்மாய் நத்தை. எங்க வயலுக்கு நான் மருந்து அடிச்சிட்டேன்."

 குண்டான் காலியாகும்வரை, கேட்டவர்களுக்கெல்லாம் அவரே சொன்னார். செல்லக்கிளிக்குக் கட்டிய புருசனை அன்றைக்குப் பிடித்ததுபோல என்றைக்கும் பிடித்ததில்லை.