ஆட்சேபிக்கப்பட்ட ஓட்டு

பஸ் உடையார்பாளையத்தைத் தாண்டியது. காலையில் அண்ணி வற்புறுத்திக் கொடுத்த இட்லி வேணிக்கு நெஞ்சிலேயே நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். முந்திரித் தோப்புகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஜெயங்கொண்டத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் செந்துறைக்கே திரும்பிவிடலாம். ஏன் வந்துவிட்டாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை. இந்த நினைப்பே கொஞ்ச தூரத்துக்கு அவளைத் தாங்கியது.

அவள் போய்க்கொண்டிருந்தது புருஷன் ஊருக்கு. தா.பழூருக்குப் பக்கத்தில் வடகரைமேடு. அந்த ஊரை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அடி தாங்காமல் அவள் தெருவுக்கு ஓடிவந்த அன்று எதிர் வீட்டு மலர்க்கொடிதான் உள்ளே இழுத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். வேணியின் கணவன் இளவரசனும் அவன் அண்ணன் தங்கசாமியும் வாசலில் நின்று கத்தினார்கள். "கதவுல கை வச்சீங்கன்னா போலீசுக்குப் போன் போட்டுடுவேன்" என்று மலர்க்கொடி உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். மறுநாள் தானே கூட வந்து, செந்துறையில் வேணியின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள்.

அந்த மலர்க்கொடி இப்போது ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு நிற்கிறாள். எதிர்த்து நிற்பவன் தங்கசாமி.

போன வாரம் மலர்க்கொடி போன் செய்திருந்தாள்.

"உன் பேரு இன்னும் எங்க ஊரு ஓட்டு லிஸ்ட்லதான் இருக்கு வேணி. வூடு வூடா கணக்கெடுக்க வந்தப்ப, மருமவ ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவான்னு சொல்லி உன் மாமியாதான் கையெழுத்துப் போட்டுச்சாம். நான் உன்ன வான்னு கூப்புடல. வந்தா என்ன நடக்குமோன்னு எனக்கே பயமாத்தான் இருக்கு. விஷயம் உனக்குத் தெரிஞ்சிருக்கட்டுமேன்னு சொன்னேன்."

அண்ணன் முத்தமிழ்செல்வனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "நீ அங்க குடியே இல்ல. அந்த ஊரு ஓட்டு உனக்கு எதுக்கும்மா? பேர நம்ம ஊருக்கு மாத்திக்கிட்டு அடுத்த தடவ போட்டுக்கலாம்" என்றான்.

"மாத்துறதுக்குள்ள எலக்ஷன் வந்துடுச்சே. இப்ப எனக்கு ஓட்டு இருக்கறது அங்க மட்டுந்தான்."

"அவனுங்க எதிர்ல வந்தா என்ன பண்ணுவ?"

கூட வருகிறேன் என்றவனையும் அவள்தான் தடுத்தாள். அண்ணன் வந்தால் வாய்ப்பேச்சு கைகலப்பில் முடியும். ஒருத்தியாகப் போனால் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடலாம் என்று நினைத்தாள்.

ஜெயங்கொண்டத்தில் இறங்கினாள். செந்துறை பஸ் எதிரிலேயே நின்றது. அதைப் பார்க்காதவள்போல நடந்து தா.பழூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

வடகரைமேட்டு நிறுத்தத்தில் அவளோடு இறங்கியவர்கள் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. நடவு முடிந்த வயல்களுக்கு நடுவே போகும் ரோடு. ஒரு காலத்தில் தலையில் புல்லுக்கட்டோடு தினமும் நடந்த ரோடுதான். இன்று எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து யார் வருவார்களோ என்று கழுத்துப் பிடரி கூசியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பின்னால் ஒரு பைக் சத்தம் நெருங்கி வந்தது. ஓரமாக ஒதுங்கி நின்றாள். பால் கேன் கட்டிய பைக். அது பாட்டுக்குப் போய்விட்டது.

ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னால், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் கூட்டம் நின்றது. ஒரு பக்கம் மலர்க்கொடி. அவள் வேணியைப் பார்த்ததும் ஓர் அடி முன்னால் வந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நின்றுவிட்டாள். கண்ணால் மட்டும் "போ" என்றாள். மறுபக்கம் வெள்ளை வேட்டியில் தங்கசாமி. கைகூப்பி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தவன் வேணியைப் பார்த்ததும் கையைக் கீழே இறக்கினான். பக்கத்திலிருந்தவன் காதில் ஏதோ சொன்னான். அந்த ஆள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தான்.

பெண்கள் வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரிக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டு முன்னால் திரும்பினாள். வேணி தன் பையில் ஆதார் அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். வாக்காளர் அட்டை அந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்டது. ஆதாரில் முகவரியைப் போன வருஷம்தான் மாற்றியிருந்தாள். அதில் இருப்பது அப்பா பேர், செந்துறை விலாசம். லிஸ்டில் இருப்பது கணவன் பேர், இந்த ஊர் விலாசம். இது அவளுக்கு நேற்றே உறைத்திருந்தது. ஆனாலும், எல்லோருக்கும் தெரிந்த முகம்தானே என்று சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

அறைக்குள் ஓர் அடி வைத்ததும் நின்றுவிட்டாள். ஏஜெண்டுகளுக்குப் போட்டிருந்த பெஞ்சில் மலர்க்கொடியின் கணவர் முருகையன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இளவரசன். அண்ணனுக்கு ஏஜெண்டாக அவன்தான் உட்கார்ந்திருப்பான் என்பது ஏனோ அவளுக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் இளைத்திருந்தான். மீசையை ஒதுக்கியிருந்தான்.

முதல் மேஜையில் இருந்த அலுவலர் அட்டையை வாங்கி லிஸ்டில் தேடினார். "வேணி, கணவர் இளவரசன்" என்று சத்தமாக வாசித்தார்.

இளவரசன் எழுந்தான். குரல் கரகரத்தது. "ஆட்சேபண சார். இவங்க அந்த வேணி இல்ல."

தலைமை அலுவலர் வெளியூரிலிருந்து வந்திருந்த வாத்தியார், ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். "அப்ப இவங்க யாரு?"

"தெரியாது சார். யாருன்னே எனக்குத் தெரியாது."

வேணி அவனையே பார்த்தாள். ஆறு வருஷம் இவனுக்குச் சோறு போட்டவள் அவள். காய்ச்சலில் பிதற்றியபோது பக்கத்தில் விழித்துக் கிடந்தவள். அடித்தபோதுகூட அவன் அவள் பேரைச் சொல்லித்தான் அடித்தான். இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறான்.

"அவன் பொண்டாட்டி சார் அது!" முருகையன் கத்தினார். "வாய் கூசாம பொய் சொல்றான்."

"நீங்க எதிர்க் கட்சிக்காரரு, உக்காருங்க" என்றார் வாத்தியார். இளவரசனை ஆட்சேபத்துக்கு உண்டான கட்டணத்தைக் கட்டச் சொன்னார். "தப்பாச் சொன்னா கேஸ் ஆவும், தெரியும்ல?" என்றார். இளவரசன் தலையாட்டினான். பிறகு அவர் வேணியின் பக்கம் திரும்பினார். "அம்மா, அட்டையில அப்பா பேரு இருக்கு, வேற ஊரு இருக்கு. லிஸ்ட்ல இருக்க படமும் மசமசன்னு இருக்கு. நீங்கதான் அந்த வேணின்னு சொல்ல வேற ஏதாச்சும் இருக்கா?"

"நாந்தான் சார் வேணி." அதைத் தவிர அவளுக்கு எதுவும் வரவில்லை. தன் பேரைத் தானே சொல்லி நிரூபிக்க முடியாது என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்குப் புரிந்தது.

வாத்தியார் வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "இவங்க இந்த ஊரு வேணிதான்னு அடையாளம் சொல்ல யாராவது இருக்கீங்களா?"

வரிசையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் அவளைத் தெரியும். அவர்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறாள், ஒரே வயலில் களை எடுத்திருக்கிறாள். ஒருத்தி செருப்பைப் பார்த்தாள். ஒருத்தி பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். தங்கசாமி வாசலுக்கு வெளியே வந்து நின்றிருக்க வேண்டும். அவன் கனைக்கும் சத்தம் கேட்டது. வேணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லா முகமும் திரும்பிக்கொண்டது. இப்படியே வெளியே போகச் சொல்லிவிட்டால் இத்தனை பேர் நடுவே எப்படி நடந்து போவது, பஸ் வரும் வரைக்கும் எங்கே நிற்பது என்று மனசு தறிகெட்டு ஓடியது.

"நான் சொல்றேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெகதாம்பாள் வந்தாள். வேணியின் மாமியார். தங்கசாமியையும் இளவரசனையும் பெற்றவள்.

இளவரசன் பெஞ்சை விட்டு முன்னால் வந்தான். "அம்மா, நீ வரிசையில போயி நில்லு."

அவள் மகனைப் பார்க்கவில்லை. வாத்தியாரைப் பார்த்துச் சொன்னாள். "இது வேணி. எங்க வூட்டு மருமவ. இவன் தாலி கட்டுனப்ப நாந்தான் பக்கத்துல நின்னேன்."

"நீங்க யாரும்மா?"

"இவனப் பெத்தவ."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. எதையோ எழுதி, ஜெகதாம்பாளிடம் கையெழுத்து வாங்கினார். இளவரசனின் ஆட்சேபம் தள்ளுபடி என்றார். "போடுங்கம்மா" என்று வேணியிடம் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

விரலில் மை வைத்தார்கள். கலர் கலராக ஓட்டுச் சீட்டுகளும் முத்திரையும் கைக்கு வந்தன. அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். முத்திரை இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் விழுந்துவிட்டால் இவ்வளவும் வீண். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மலர்க்கொடியின் சின்னத்தின் மேல் மெதுவாக அழுத்தினாள். மற்ற சீட்டுகளில் எதற்குக் குத்தினாள் என்பது பிறகு அவளுக்கு நினைவில்லை. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, பெஞ்சைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ஜெகதாம்பாள் பள்ளிக்கூட மதிலருகே அவள் கையைப் பிடித்தாள். கெட்டியான பிடி.

"வூட்டுக்கு வா. ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போ."

"வேணாம் அத்த."

"நாலு பேரு முன்னாடி பெத்த புள்ளயப் பொய்யனாக்கிட்டு வந்திருக்கேன். எதுக்குன்னு நெனைக்கிற? நீ இந்த வூட்டுப் பொண்ணு இல்லன்னு அவன் வாயாலயே சொல்லிட்டா, நாளைக்கி நீ திரும்பி வர வழி ஏது? அதுக்குத்தான் கையெழுத்தும் போட்டேன், பேரு இருந்தா ஆளும் ஒரு நாளைக்கி வரும்னு."

நன்றி என்று வேணி நினைத்திருந்தது இப்போது கயிறுபோல மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. "நீங்க இன்னக்கி எனக்குப் பண்ணத மறக்க மாட்டேன் அத்த. ஆனா அந்த வூட்டுக்கு நான் வரமாட்டேன். ஓட்டுப் போட வந்தேன். வாழ வரல."

ஜெகதாம்பாள் அவள் முகத்தையே பார்த்தாள். தங்கசாமி இவர்களை நோக்கி வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தான். கிழவி அதைப் பார்த்தாள். பிடியை விட்டாள். "சரி, நிக்காத, போ. அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மகனுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

வேணி ஓடவில்லை. ஆனால் நிறுத்தம் வரும்வரை திரும்பிப் பார்க்கவும் இல்லை. பின்னால் தங்கசாமியின் கத்தல் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து, வண்டி கிளம்பிய பிறகுதான் அழுதாள்.

வாக்கு எண்ணிக்கை அன்று மத்தியானம் மலர்க்கொடி போன் செய்தாள். பின்னால் ஒரே வேட்டுச் சத்தம். "ஜெயிச்சிட்டேன் வேணி! ரெண்டு தடவ எண்ணச் சொல்லி எண்ணுனாங்க. கொஞ்ச ஓட்டு வித்தியாசந்தான்."

"சந்தோஷம்க்கா" என்றாள் வேணி. உடனே கேட்டாள், "எங்க அத்த எப்படி இருக்கு?"

"ரெண்டு மவனும் மொகம் குடுத்துப் பேசறதில்லையாம். அதே வூட்டுலயே தனியா ஒல வச்சி ஆக்கிக்குது."

அன்று சாயங்காலம் முழுக்க வேணி போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். மாமியார் எடுப்பாளா, வேறு யாராவது எடுத்தால் என்ன பேசுவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் அந்த நம்பரைத் தேடி அழுத்தினாள்.

"யாரு?"

"வேணி, அத்த."

அந்தப் பக்கம் அடுப்பில் எதுவோ கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஜெகதாம்பாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "நீ யாருக்குக் குத்துன?"

"அத எப்படி அத்த சொல்றது?"

"சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன்."

வேணி சிரித்துவிட்டாள். கிழவியும் சிரித்தாளா என்று தெரியவில்லை. "யாரோட பேசிட்டிருக்க?" என்று தூரத்தில் ஓர் ஆண் குரல் கேட்டது. இளவரசனுடையதா தங்கசாமியுடையதா என்று வேணியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. லைன் துண்டிக்கப்படும் என்று காத்திருந்தாள்.

"வேணியோட" என்றாள் ஜெகதாம்பாள், அந்தக் குரலுக்கு. பிறகு போனில், "நீ சாப்புட்டியா?" என்று கேட்டாள்.