குழிக்குள் மூச்சோடு போன நெருப்பு

தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் கஜேந்திரன் பெல்மதுளைக்கு அப்பால் ஒரு மாணிக்கக் குழியில் இறங்குவான். அன்று குழியில் தண்ணீர் ஊறி நின்றது. மேலே வைத்து ஓட்ட வேண்டிய, தண்ணீர் இறைக்கும் பெற்றோல் பம்பை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று முதலாளி அடியிலேயே இறக்கச் சொன்னார். ஒழுகிய பெற்றோலின் ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கியது. கஜேந்திரன் பம்பை முடுக்கக் கயிற்றை இழுத்ததும் பொறி பட்டு ‘டம்’ என்று வெடித்தது.

நெருப்பு நொடியில் அணைந்துவிட்டது. அவன் தானாகவே ஏறி வந்தான். புருவம் பொசுங்கி, முகம் சிவந்திருந்தது. அவ்வளவுதான்.

“ஒண்ணும் இல்ல மல்லி. மொகத்த கழுவிட்டு வீட்டுல போய் படு,” என்றார் முதலாளி, ‘தம்பி’ என்பதைச் சிங்களத்தில் சொல்லி. பிறகு அவனை ஏற்றிப்போக வந்த முச்சக்கரவண்டிக்கார ஹுஸைனிடம் குரலைத் தாழ்த்தினார். “ஆஸ்பத்திரிப் பக்கம் போகாத. குழிக்கு லைசன் இல்ல, பொலிஸ் வந்துரும்.”

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் இறங்கிய கணவனைக் கண்டு கலைச்செல்வி பதறினாள். காலையில் கணீரென்று பேசிவிட்டுப் போனவனின் குரல் கரகரத்தது; மூச்சு இரைத்தது. துப்பிய எச்சிலில் கரி இருந்தது.

“ஹுஸைன் நானா, வண்டிய திருப்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“மொதலாளி வேணாண்டு சொன்னாரு தங்கச்சி.”

“மூச்சு முட்டுறது எம் புருசனுக்கு. மொதலாளிக்கு இல்லையே!”

ஹுஸைன் வண்டியைத் திருப்பினான்.

கஜேந்திரனின் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. “வெட்டவெளியில வெடிச்சா சூடு நாலா பக்கமும் போயிரும். மூடின குழியில அதுக்குப் போக எடமில்ல. அத இவர் மூச்சோட இழுத்திருக்கார். வெளியில சின்னக் காயம், தொண்டை உள்ளுக்குள்ள வெந்து வீங்குது. வீட்டுலயே படுக்க வெச்சிருந்தா மூச்சு அடைச்சிருக்கும்.” உடனே தொண்டைக்குள் குழாய் வைத்து இரத்தினபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் முதலாளி அப்பிள் பையோடு அங்கே வந்தார். “வீட்டுல கேஸ் அடுப்பு வெடிச்சதுன்னு பொலிஸ்ல சொல்லிரு, நங்கி,” என்று கலைச்செல்வியைத் தங்கை முறை சொல்லி அழைத்தார்.

“எங்க வீட்டுல வெறகு அடுப்புதாங்க,” என்றாள் கலைச்செல்வி.

அதுவரை சுவரோரம் தலைகுனிந்து நின்ற ஹுஸைன் நிமிர்ந்தான். “குழியிலதான் வெடிச்சதுன்னு நான் சொல்றேன். நீங்க தடுத்ததயும் சொல்றேன். ஒங்க பேச்சக் கேட்டு அவன லயத்துல கொண்டுபோய் எறக்குன என் தப்பயும் சொல்றேன்.” ஆஸ்பத்திரியிலிருந்த பொலிஸ்காரரிடம் அவன் நேராக நடந்தான்.

குழி மூடப்பட்டது. கஜேந்திரன் பிழைத்தான். ஆனால், பழைய குரல் திரும்பவில்லை. ‘விபத்துதானே’ என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் கலைச்செல்வி பொரிந்து தள்ளினாள்.

“மூடின எடத்துல வெடிச்சா, ஆளு நடந்து வந்தாலும் மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. குழியக் காப்பாத்த மனுசன வீட்டுல போய் படுன்னு அனுப்புறது விபத்து இல்லீங்க. கொல!”