நன்றியுரை இல்லாத பிரதி

பல்கலைக்கழக நூலகத்தின் துணை நூலகருக்கு அந்த வருடம் முழுக்க சி.டி.க்களோடுதான் போனது. ஆய்வு மாணவர்கள் இருபது ஆண்டுகளாகக் கொடுத்துவிட்டுப் போன ஆய்வேடுகள் சி.டி.க்களாக அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. அவற்றைப் புதிதாக வந்த டிஜிட்டல் பாதுகாப்பகத்தில் ஏற்ற வேண்டும். உள்ளே போகும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாள எண் விழும். பிற்பாடு அதில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். திட்ட அறிக்கையில் இது இரண்டு பத்தியில் முடிந்திருந்தது.

நிஜத்தில், சி.டி.யைத் துடைத்துச் செருகிவிட்டு, அது படிக்குமா படிக்காதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் வேலை. மென்பொருள் நிறுவனம் ஒரு பொறியாளரை அனுப்பியிருந்தது. தலை நரைத்தவர். எதைக் கேட்டாலும் "ஆயிடும் மேடம்" என்பார். அதனால் நூலகத்தில் அவருக்கு ஆயிடும் சார் என்றே பெயராகிவிட்டது.

இரண்டாயிரத்துச் சொச்சம் சி.டி.க்களில் முந்நூற்றுப் பதினொன்று வாயே திறக்கவில்லை. பெரும்பாலானவற்றுக்கு அச்சுப் பிரதி இருந்தது. எண்பத்தேழுக்கு அதுவும் இல்லை. கீழ்த்தளத்தில் எப்போதோ குழாய் வெடித்து, நனைந்த புத்தகங்களைக் கழித்துவிட்டிருந்தார்கள். அந்த எண்பத்தேழு பேரையும் தேடிப் பிடித்துப் பிரதி கேட்கும் பொறுப்பு துணை நூலகர் தலையில் விழுந்தது.

தினமும் பத்துப் பேரிடமாவது போனில் அதே கதையைச் சொன்னார். ஒருவர், தன் ஆய்வேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டதாகவும் இப்போதுதான் நிம்மதியாக இருப்பதாகவும் சொன்னார். இன்னொருவர் பட்டத்தைத் திரும்ப வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பயந்து போனை வைத்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தொண்டை கட்டியிருக்கும். கூடவே இருக்கும் அக்கா வெந்நீர் கொடுத்துவிட்டு, யாரையும் கூப்பிடாத வேலை ஒன்றும் உங்கள் ஆபீஸில் இல்லையா என்று கேட்பாள்.

பட்டியலில் அறுபத்து மூன்றாவதாக இருந்தவர் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் நடத்துகிற பெண். நூற்று நாற்பது கிணறுகளின் உப்பை ஏழு வருடம் அளந்து எழுதியவர். அந்தக் கிணறுகளில் பாதி இன்று இல்லை. அந்த அட்டவணைகள் கிடைக்குமா என்று அவர் படித்த துறையிலிருந்து ஒரு மாணவி மூன்று முறை வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"பிரதி இருக்குங்க," என்றார் அந்தப் பெண். "ஆனா ஒரு பக்கத்தை எடுத்துட்டுத்தான் தருவேன்."

எந்தப் பக்கம் என்று துணை நூலகர் கேட்டார்.

"நன்றியுரை. அதுல என் வீட்டுக்காரருக்கு அரைப்பக்கம் நன்றி சொல்லியிருக்கேன். படிப்பை விட்டுடுன்னு ஒத்தைக்கால்ல நின்னவர் அவர்தான். பக்கத்துல உக்காந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினது அது. பிரிஞ்சு பதினொரு வருஷம் ஆச்சு. இன்னும் காலகாலத்துக்கும் என் பேர்ல அது இருக்கணுமா?"

சமர்ப்பித்தது எதுவோ அதைத்தான் வைக்க முடியும், ஒரு பக்கம் குறைந்தாலும் முழு ஆய்வேடு என்று கையெழுத்துப் போட முடியாது என்று துணை நூலகர் மெதுவாகச் சொன்னார். அப்படியானால் வேண்டாம் என்று அந்தப் பெண் மரியாதையாகவே போனை வைத்தார்.

நூலக இயக்குநருக்கு இதில் பொறுமை இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பாதுகாப்பகத்தின் திறப்பு விழா. ஒரு பக்கம்தானே, எடுத்துவிட்டே தரட்டும், வாங்கி ஏற்றுங்கள், யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்றார். துணை நூலகர் வாதாடவில்லை. ஏற்றவும் இல்லை.

மூலப் பிரதியை மூடி வைத்துவிட்டு, படிப்பவர்களுக்கு வேறொரு பிரதியைக் காட்டலாமா என்று ஆயிடும் சாரிடம் கேட்டார். முதல் தடவையாக அவர், "அது ஆகாது மேடம்," என்றார். துணை நூலகர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானூறு பக்கக் கையேட்டைப் புரட்டினார். கண் எரிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வழி இருந்தது. திங்கட்கிழமை அதைக் காட்டியதும் ஆயிடும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருக்கிறது, ஆனால் தான் செய்து பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து செய்து முடிக்க ஒன்றரை நாள் ஆனது.

பிறகு அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டார்.

"பக்கத்தை எடுக்க மாட்டேங்க. ஆனா மூடி வைப்பேன். முப்பது வருஷத்துக்கு யாரும் திறக்க முடியாது. படிக்கிறவங்களுக்கு அது இல்லாத பிரதிதான் போகும். ஆய்வாளர் கேட்டதால ஒரு பக்கம் மூடியிருக்குன்னு ஒரு வரி இருக்கும். அந்த வரியை மட்டும் என்னால மறைக்க முடியாது."

போனில், தூரத்தில் ஏதோ கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவும் சத்தம் கேட்டது.

"முப்பது வருஷத்துல எனக்கு எழுபத்தொன்பது," என்றார் அந்தப் பெண். "அப்ப யாராச்சும் படிச்சா படிச்சுட்டுப் போகட்டும். அதோட நான் ஒரு கடிதம் வைக்கலாமா? அது எப்படி எழுதினதுன்னு. அதுவும் மூடியே இருக்கட்டும்."

வைக்கலாம் என்றார் துணை நூலகர். கோப்புகள் புதன்கிழமை வந்து சேர்ந்தன. சரியாகத் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டியது விதி என்பதால் கடிதத்தையும் திறந்தார். ஒரே பக்கம். எழுத்துகள் உடையாமல் இருந்தன. அன்றைக்கு இருந்த அசதியில் படிக்கக்கூடத் தோன்றவில்லை. மூடி, முத்திரையிட்டு, அடையாள எண் விழுந்ததைக் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. எண்பத்தேழில் நாற்பத்தொன்று கிடைத்திருந்தன. மீதிக்கு எதிரே "கிடைக்கவில்லை" என்று அவரே எழுதியிருந்தார். இயக்குநர் மேடையில் கிட்டத்தட்ட எல்லாமே என்று பேசினார். ஆயிடும் சார் பின்வரிசையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அந்த மாணவி வந்து கிணற்று அட்டவணைகளை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு பக்கம் மூடியிருப்பதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. மதியம் மொழியியல் துறையிலிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. அதில் நான்கு பெட்டி ஒலிநாடாக்கள், பாதிக்கு மேல் பெயரெழுதாதவை. துணை நூலகர் கையெழுத்துப் போட்டு அவற்றை வாங்கி, சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.