எந்த வெள்ளை?

இருபத்திரண்டு வருஷமாக ஒரே காரை ஓட்டுகிறார் என் மாமனார். அதில் ஒரு கீறல் கிடையாது. இதை அவர் வாயால் சொல்ல மாட்டார். அத்தைதான் ஊரெல்லாம் சொல்வார், மாமா அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எனக்குப் புது வேலை கிடைத்திருந்தது. இரண்டு பஸ் மாறினால் ஒன்றேகால் மணி நேரம், காரில் போனால் அரை மணி. அத்தையோடு நாத்தனார் வீட்டுக்கு ஒரு வாரம் கிளம்பும்போது மாமா சாவியை என்னிடம் கொடுத்தார்.

"ஓட்டிப் பாரும்மா. நான் வந்து பாக்கறேன். ஒரு கீறல் இல்லேன்னா தினமும் நீயே எடுத்துட்டுப் போ."

கீறல் இருந்தால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆபீஸ் பார்க்கிங்கில் ஒரு குட்டைத் தூண் என்னைக் கேட்காமலே பின்சக்கரப் பக்கம் உரசிவிட்டது. மட்கார்டின் விளிம்பு உள்ளே மடிகிற இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குப் பெயின்ட் போயிருந்தது. குனிந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். மாமா குனிந்து பார்க்கிற ஆள்.

மறுநாள் காலையில் வாளியும் துணியுமாக உட்கார்ந்தேன். சேற்றைக் கழுவக் கழுவ, என் கீறலுக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு வெள்ளை தெரிந்தது. கார் வெள்ளை இல்லை, கொஞ்சம் மஞ்சளோடிய வெள்ளை. நடுவில் ஒரு பிரஷ் முடி வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. இது என் தூண் செய்த வேலை இல்லையே! போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்து, நாலு சக்கரத்தின் உள்பக்கமும் தேடினேன். அந்த மாதிரி மஞ்சள் வெள்ளை மொத்தம் ஐந்து.

"அப்பாவா? சான்ஸே இல்ல," என்றார் என் வீட்டுக்காரர். "கம்பெனியிலேயே அப்படி வந்திருக்கும்."

"கம்பெனியில பிரஷ் முடியோடவா அடிப்பாங்க?"

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பெட்ரோல் போடுகிற இடத்து மூடியைக் கழற்றினேன். அந்த மஞ்சள் வெள்ளையில் ஒரு துளி உரித்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பெயின்ட் கடைக்குப் போனேன். கலர் கலக்குகிற பெண் மூடியை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உரித்த துளியைத் தின்னர் தொட்டுத் தேய்த்து முகர்ந்தாள்.

"இது கார் பெயின்டே இல்லக்கா. கேட்டுக்கு அடிக்கிற எனாமல். வெளிச்சம் படாத எடத்துல இருந்தா இப்படித்தான் மஞ்சளடிச்சிரும்."

எங்கள் வீட்டு கேட் வெள்ளை. அடப்பாவி மாமா!

"ரெண்டுல எந்த வெள்ளைக்குக் கலக்கட்டும்?"

நல்ல கேள்வி. கார் வெள்ளையைப் பூசினால், அழுக்கு வெள்ளைகளுக்கு நடுவே என் கீறல் மட்டும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஆறையும் சேர்த்துப் பூசினால் அவர் குட்டு எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். வயசான காலத்தில் அந்த அவமானம் அவருக்கு வேண்டாம். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது.

"கேட்டு வெள்ளைக்கே கலந்துடும்மா."

"அது தப்பான கலர், அக்கா!"

"தெரியும். அதேதான் வேணும்."

"யாரு காரு?"

"மாமனார் காரு."

அவள் சிரித்தாள். எனாமலில் எட்டுச் சொட்டு மஞ்சள் விட்டுக் கலக்கி, ஒரு குச்சியில் தடவிக் காயவைத்து, துளிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னும் இரண்டு சொட்டு விட்டாள். "ஈரத்துல பாத்து நம்பாதீங்க. காஞ்சப்புறம்தான் நெஜக் கலர் தெரியும்." வெள்ளைக்குள் இத்தனை வெள்ளை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். வேடிக்கை பார்த்ததில் வந்த காரியமே மறந்துபோனது.

வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாகப் பூசினேன். ஒரு பிரஷ் முடியையும் பிய்த்து ஒட்டினேன். என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்ஸியிலிருந்து இறங்கிய மாமா, பையைக்கூட உள்ளே வைக்காமல் நேராகக் காரிடம் போனார். ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து உள்ளே விரலை விட்டுத் தடவினார். பின்சக்கரத்தில் கை நின்றது. எழுந்தார். மறுபடி முதல் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தார். உதடு அசைந்தது.

எண்ணுகிறார்! கலரைப் பற்றி யோசித்தேனே தவிர, கணக்கை யோசிக்கவே இல்லை.

"என்னங்க அங்க எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் அத்தை.

மாமாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை.

"வீல் நட்டு," என்றார்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"ஒண்ணு கூடவே இருக்கு," என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

அத்தை தலையிலடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் சாவியை நீட்டினேன். மாமா வாங்கவில்லை. வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"பெயின்ட் மிச்சம் இருக்கா?"

"பாதி டப்பா இருக்கு மாமா."

"வீட்டுல வைக்காத. டிக்கியிலேயே வச்சுக்கோ," என்றார். "தினமும் ஓட்டப்போற. தேவைப்படும்."