ரேஷ்மாவின் சாவிக்கொத்து

வானகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரே மேடு பைபாஸ் பாலம்தான். அதில் ஏறிப் பழகலாம் என்றால் லாரிக்காரன் சட்னியாக்கிவிட்டுப் போய்விடுவான். அதனால் நாங்கள் நான்கு பேரும் எங்கள் அபார்ட்மென்ட் படிக்கட்டையே மலையாக்கிக்கொண்டோம். முதுகில் அரிசிப் பை, காலில் கேன்வாஸ் ஷூ, ஒன்பது மாடி ஏறி ஒன்பது மாடி இறங்குவது. லிஃப்ட் ரிப்பேரா என்று தினமும் கேட்டு வாட்ச்மேனுக்கே அலுத்துவிட்டது.

சைலன்ட் வேலிக்குப் போகலாம் என்று ஆரம்பித்தவள் எதிர் ஃபிளாட் சௌம்யா. திருச்சிப் பெண், ஐ.டி. வேலை, என்னைவிடப் பத்து வயது சின்னவள். கீழ் மாடியிலிருந்து பவ்யாவும் ரேஷ்மாவும் சேர்ந்துகொண்டார்கள். நான் பாரிவாக்கத்துக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் என்னைக் கூப்பிட்டதில் எனக்குப் பெருமைதான், இதில் மறைக்க என்ன இருக்கிறது? கோவை வரை ரயில், அங்கிருந்து கார், முக்காலி என்ற ஊரிலிருந்து காட்டுக்குள் ஜீப். ராத்திரி தங்க நான்கு கட்டில் போட்ட ஒரே அறைதான் புக்கிங்கில் கிடைத்தது. ஆளுக்கொரு கட்டில் என்று பேசிச் சிரித்தோம்.

எனக்குத் தெரிந்த மலை திருத்தணியும் திருப்பதியும். கியூ நிற்காத மலையை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. சின்ன வயதில் எனக்கு வலிப்பு வரும். அதனால் ஸ்கூல் டூர் கிடையாது, கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் என் பக்கத்தில் காவலுக்கு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும். எனக்குக் கல்யாணமான பிறகு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. டாக்டரே மாத்திரையை நிறுத்திவிட்டார். இந்த அபார்ட்மென்ட்டுக்கு வந்த பிறகுதான் நான் வெறும் ராணியாக இருந்தேன். அப்படியே ஒரு காட்டுக்குப் போய், எல்லாரையும்போல நடந்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

இது சௌம்யாவுக்கு மட்டும் தெரியும். நான்தான் சொன்னேன். ஒரு காலையில் மற்ற இரண்டு பேரும் வராததால் நானும் அவளும் மட்டும் ஏறினோம். ஆறாவது மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது மெதுவாக ஆரம்பித்தேன்.

"இப்ப ஒண்ணுமில்ல சௌமி, எல்லாம் போய்ட்ச்சி. இருந்தாலும் காடு பாரு. ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சிருக்கணும். உன்னோட வச்சுக்கோ."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் வாயிலேர்ந்து வராதுக்கா. சத்தியமா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவளிடம்கூட இவ்வளவு நிம்மதியாக நான் பேசியது இல்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம், சனிக்கிழமை மத்தியானம். மழைக்காடு, அட்டை ஏறும் என்றார்கள். முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொள்ள நான்கு ஜோடி துணிச் சாக்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். காலிங் பெல் அடித்தது. பவ்யாவும் ரேஷ்மாவும். பவ்யா கையில் ஒரு பை ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என்னையும் கூப்பிட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பவ்யா பையை டீப்பாய்மேல் வைத்தாள். "நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா. சைலன்ட் வேலி எங்க ஓடிப்போகுது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"நான் இன்னாத்துக்கு ரெஸ்ட் எடுக்கணும்?"

இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "டாக்டர் போகவே கூடாதுன்னுட்டாராமே. சௌம்யாதான் சொன்னா" என்றாள் பவ்யா.

எந்த டாக்டர்? நான் டாக்டரைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது. ஏதோ குளறுபடி, சௌம்யாவைக் கேட்டால் சரியாகிவிடும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். வந்தவர்களுக்கு ஒரு காபி போடலாம் என்று எழுந்தேன். ரேஷ்மா ஓடி வந்து சமையலறை வாசலை மறித்துக்கொண்டாள்.

"நீங்க அடுப்புகிட்டப் போகாதீங்கக்கா. நான் போடறேன்."

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். பெரிய சாவிக்கொத்து, எல்லாம் கனமான இரும்புச் சாவி. அவள் கணவர் வீட்டில்தான் இருக்கிறார், பூட்ட வேண்டிய வேலையே இல்லை. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணித்தால் நின்றுவிடும் என்று நம்புகிற ஊர் இது. வந்ததிலிருந்து அவள் உட்காரவும் இல்லை, அந்தக் கொத்தைக் கீழே வைக்கவும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டு வந்திருக்கிறாள். கெட்ட எண்ணமே இல்லாமல்தான் கொண்டு வந்திருக்கிறாள். என் சின்ன வயது மொத்தமும் அந்தச் சாவியைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குள் வந்து நின்றது.

நேராக எதிர் ஃபிளாட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. ஹாலில் ஒரு பெண் புது ஷூவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சௌம்யா வேகமாக எழுந்து வந்து என்னை வெளியே நடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இது சுவேதா, அக்கா. எங்க சித்தி பொண்ணு. பெங்களூர்லேர்ந்து வந்திருக்கா."

"எந்த டாக்டர் சௌமி?" என்றேன்.

"அக்கா, உங்க நல்லதுக்குத்தானே. நடுக்காட்டுல ஏதாவது ஆயிடுச்சுன்னா அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீ சொல்ற அளவுக்கு நான் இன்னா கொழந்தையா? எந்த டாக்டருன்னு கேக்கறேன்."

அவள் தரையைப் பார்த்தாள். "சுவேதா ரொம்ப ஆசைப்பட்டாக்கா. இருக்கறதே நாலு கட்டில். பவ்யாவோ ரேஷ்மாவோ விட்டுத்தர மாட்டாங்க. உங்ககிட்டன்னா உரிமையாக் கேக்கலாம்..."

"கேட்டியா?"

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாவது கொடுத்திருப்பேன். கேட்கவில்லையே! நான் நம்பிக் கொடுத்ததை எடுத்தே என்னை வெளியே தள்ளியிருக்கிறாள். கட்டில் போனால் போகிறது. இனிமேல் இந்த அபார்ட்மென்ட்டில் நான் கொஞ்சம் கண்ணை மூடினால்கூட நான்கு பேர் சாவியோடு ஓடி வருவார்கள்.

அவள் அதோடாவது விட்டிருக்கலாம். என் கையைத் தொட்டு, "அந்த சாக்ஸ் தைச்சு முடிச்சிட்டீங்களாக்கா? சுவேதாவுக்கும் உங்க சைஸ்தான்" என்றாள்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதற்குள் பவ்யாவும் ரேஷ்மாவும் என் வீட்டிலிருந்து வெளியே வந்து நின்றார்கள். காதை எங்கள் பக்கம்தான் வைத்திருந்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் சொன்ன அன்றைக்கு அதே படியில் உட்கார்ந்து சௌம்யாவும் தன்னைப் பற்றி ஒன்று சொன்னாள். சாதாரண விஷயம் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் நான் சத்தமாகச் சொன்னால் போதும், அவள் இந்தக் கட்டடத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சித்தி பெண்ணும் உள்ளேதான் இருக்கிறாள். நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

சௌம்யாவின் முகத்தைப் பார்த்தேன். பயந்திருப்பாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சமும் பயம் இல்லை. சாக்ஸுக்குப் பதில் வரவில்லையே என்று சாதாரணமாக நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். என் கணவர் செங்கல்வராயன் படுக்கையறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"இன்னாத்துக்கு அயுவுற? அந்தப் பொண்ணப் பத்தி உனுக்கு எதுவும் தெரியாமலா கீது? போட்டு ஒட்ச்சிட்டு வர்றதுதானே?"

"தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்" என்றேன்.

"இன்னான்னு எனுக்காவது சொல்லு."

அவரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லப்போவதில்லை. ராணிக்கா உயிரே போனாலும் சொல்ல மாட்டாள் என்று சௌம்யாவுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவள் என்னைக் கை கழுவினாள்.