வட்டம் போடாத இரும்பு

அகராதிக்குப் பொருள் எழுதுவது என் வேலை. இரும்பு அடிப்பது என் கணவர் வேலை. பட்டறைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போது என் வேலையிலும் கொஞ்சம் கொண்டுபோய் அவர் காதில் போடுவேன். பாவம், வாய் நிறையச் சோறோடு கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்றைய சொல் 'பிராண்ட்-நியூ'. புத்தம் புதியது என்று எழுதி முடித்திருந்தேன். அதன் பிறப்பைத் தேடினால், பழைய ஆங்கிலத்தில் 'பிராண்ட்' என்றால் நெருப்பு, எரியும் கட்டை. உலையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தது என்று அர்த்தம்.

"கடையில பளபளன்னு இருக்கிறது இல்லையா அப்போ?" என்று சிரித்தார். "உலையிலேர்ந்து வந்ததுல கை வைக்க முடியாதே."

சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. தன் வலது கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

இரும்பு சிவந்திருக்கும்வரை யாரும் ஏமாற மாட்டார்கள். சிவப்பு அடங்கி, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி கறுத்துக் கிடக்கும்போதுதான் ஆபத்து. அதனால் எங்கள் பட்டறையில் சூடான துண்டைக் கீழே வைப்பவர், அதைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட வேண்டும். போன வருடம் என் கொழுந்தன், போன் அடித்ததென்று வட்டம் போடாமல் வெளியே ஓடினான். ஆறிய இரும்பென்று நினைத்து என் கணவர் அதை வெறுங்கையால் எடுத்துவிட்டார். விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. அன்று தம்பியை வெளியே போகச் சொன்னவர், அதன்பின் அவனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எனக்கும் அவன்மேல் ஆத்திரம்தான். அதை மறைப்பானேன்?

வாசலில் நிழல் தட்டியது. அதே கொழுந்தன். பாதியாக இளைத்திருந்தான்.

"அண்ணி, என்னை மறுபடி சேத்துக்கச் சொல்லுங்க. வேற எங்கேயும் எனக்குக் கை ஓடல."

"என்கிட்ட ஏன் சொல்றே? உங்க அண்ணன் இங்கதானே நிக்கிறாரு!"

அவன் அண்ணனைப் பார்த்தான்.

என் கணவர் இடது கையால் இடுக்கியைப் பிடித்து, உலையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துத் தரையில் வைத்தார். அது மங்கிக் கறுக்கும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு சாக்பீஸை வலது கையால் எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். அந்த விரல்களில் அது நிற்கவில்லை. நழுவி விழுந்து உடைந்தது.

கொழுந்தன் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு துண்டைப் பொறுக்கினான். வட்டம் போடும்போதே அழுதுவிட்டான். வட்டம் கோணலாக வந்தது.

"நல்லா அழுத்திப் போடுடா," என்றார் என் கணவர். "உங்க அண்ணிக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

எனக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். அப்போது மட்டும் தெரியவில்லை.